சூடான மாம்பழச் சாற்றுக்கு எந்த டியூப், எந்த ஃபிட்டிங்?

பெங்களூரா மாம்பழத்தைச் சாறாக்கிச் சூட்டோடு பாட்டிலில் அடைப்பதற்காக, காவேரிப்பட்டணம் பக்கத்தில் எங்கள் தோப்புக் கொட்டகையில் ஒரு சின்ன அமைப்பு போட்டிருக்கிறேன். 50 லிட்டர் எவர்சில்வர் அண்டா, அதன் அடியில் ஒரு வால்வு, அங்கிருந்து ஒரு சின்ன பம்ப், பம்பிலிருந்து பாட்டில் நிரப்பும் மேசை. அண்டாவும் அடுப்பும் காசு கொடுத்தால் கடையில் கிடைத்துவிடும். இவற்றை ஒன்றோடொன்று சேர்க்கிற டியூப், நிப்பிள் (டியூப்பை மேலே ஏற்றி மாட்டுகிற குட்டி முனை), வால்வு, வாஷர், கிளிப் ஆகியவற்றைத் தேர்ந்தெடுப்பதுதான் வேலையே. சாற்றின் ருசி, பாட்டில் கெடாமல் நிற்பது, நிரப்புகிறவர் கை வேகாமல் இருப்பது எல்லாம் இந்தச் சின்னச் சாமான்களைப் பொறுத்தது. இதைப் பற்றித் தமிழில் விவரமாக யாராவது எழுதியிருக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். அதனால் நானே எழுதுகிறேன்.

கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கூழ் ஆலைகள் பெரும்பாலும் வாங்குவது பெங்களூராவைத்தான். கிளிமூக்கு, தோத்தாபுரி என்று சொல்வதும் இதே பழம்தான். எல்லாத் தோப்பும் ஒரே நேரத்தில் பறிப்புக்கு வரும்போது விலை விழுந்துவிடும். பறிகூலிக்கும் வண்டி வாடகைக்கும் கட்டாத வருஷங்கள் உண்டு. ஆலை வாசலில் டிராக்டர் வரிசையில் பழம் கனிந்து வீணாவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மனசு வரவில்லை. கொஞ்சமாவது வீட்டளவில் சாறாக்கி வைக்கலாமே என்றுதான் இதில் இறங்கினேன்.

வெளிநாடுகளில் வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கென்றே பம்ப், டியூப், கப்ளிங் எல்லாம் சின்ன அளவில் வந்துவிட்டன. நம் ஊரில் அந்த வேலைக்கு இடமில்லை. 1937-இல் ராஜாஜி ஆட்சியில் மதுவிலக்குச் சட்டம் வந்தபோது, அது முதலில் அமலானதே அன்றைய சேலம் மாவட்டத்தில்தான். இன்றைய தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அப்போது அதற்குள் இருந்தன. ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி, நம்ம ஓசூர் பக்கம். சரி, விஷயத்துக்கு வருகிறேன். பீர் காய்ச்சுபவருக்கு வேண்டியதும் எனக்கு வேண்டியதும் ஒன்றேதான். சர்க்கரை கலந்த, புளிப்புள்ள, கொதிநிலைக்குக் கொஞ்சம் கீழே இருக்கிற ஒரு திரவத்தை, சுத்தமாக ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அதனால் அவர்களுடைய சாமான்களை மாம்பழத்துக்குத் திருப்பிக்கொண்டேன்.

நாங்கள் போடுவது அப்படியே குடிக்கிற வகைச் சாறு. கூழைச் சல்லடையில் தேய்த்து எடுத்து, சர்க்கரைப் பாகும் தண்ணீரும் கொஞ்சம் சிட்ரிக் அமிலமும் சேர்த்து, 85 முதல் 90 டிகிரி வரை சூடாக்கி, அந்தச் சூட்டிலேயே கண்ணாடிப் பாட்டிலில் நிரப்பி மூடுவது. டியூப் வாங்கப் போகும்போது மூன்று விஷயத்தை மனசில் வைத்துக்கொண்டேன். சூடு 90 டிகிரி. புளிப்பு பி.எச். 4-க்கும் கீழே (இந்த எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்). மூன்றாவதாக, சாற்றில் நாரும் கூழும் மிதக்கும், உலர்ந்தால் பசை மாதிரி ஒட்டும். தண்ணீருக்கு நன்றாக இருக்கிற ஒரு சாமான் இதற்கு உதவாமல் போகலாம்.

ஹார்ட்வேர் கடையில் கேட்டால் முதலில் எடுத்துப் போடுவது லெவல் டியூப். கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற கண்ணாடி மாதிரியான பிவிசி டியூப். மலிவு, உள்ளே போவது கண்ணுக்குத் தெரியும், எல்லா அளவிலும் கிடைக்கும். பச்சை நிறத்தில் நூல் பின்னிய தோட்டத்து ஹோஸ் அடுத்தது. கம்ப்ரசர் வேலைக்கு வருகிற நீல நிறப் பாலியூரித்தேன் டியூப்பும், ஆர்.ஓ. மெஷினில் வருகிற வெள்ளை டியூப்பும் இருந்தன. சிலிக்கான் டியூப்பைத் தனியாகத் தேடி வாங்க வேண்டியிருந்தது. விலையும் லெவல் டியூப்பைப் போலப் பல மடங்கு.

ஒவ்வொன்றிலும் ஒரு சாண் நீளம் வாங்கிவந்து, வீட்டில் தனித்தனி எவர்சில்வர் டம்ளரில் போட்டு, 90 டிகிரித் தண்ணீரை ஊற்றி மூடி வைத்தேன். அரை மணி கழித்துத் திறந்து பார்த்தால் எல்லாமே தெரிந்துவிடும். லெவல் டியூப் வெந்த நூடுல்ஸ் மாதிரி தொங்கிவிட்டது. தெளிவாக இருந்தது பால் நிறமாக மங்கிப்போய்விட்டது. விரலால் அழுத்தினால் சுவர் இரண்டும் ஒட்டிக்கொண்டு மெதுவாகத்தான் பிரிந்தது. டம்ளர் தண்ணீரை முகர்ந்தால் புதுச் செருப்புக் கடை வாசனை. பிவிசி இயல்பில் விறைப்பான பிளாஸ்டிக். அதை வளையவைக்க, மெத்தென்று ஆக்கும் எண்ணெய் மாதிரியான ஒரு பொருளைச் சேர்க்கிறார்கள். சூட்டில் அதுதான் தண்ணீருக்குள் இறங்குகிறது. 60 டிகிரிக்கு மேலே இந்த டியூப்பை நம்பக்கூடாது. தோட்டத்து ஹோஸ் உணவுக்குச் செய்ததே இல்லை என்பதால் அதன் வாசனையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆர்.ஓ. டியூப் குடிநீருக்கென்றே செய்தது, வாசனை வரவில்லை. ஆனால் அது குளிர்ந்த தண்ணீருக்கானது. ஓட்டையும் சிறியது, ஒரு நார் குறுக்கே நின்றால் போதும், அடைத்துவிடும்.

சிலிக்கான் துண்டு போட்டபடியே இருந்தது. தொட்டால் சூடு, அவ்வளவுதான். நல்ல சிலிக்கான் 200 டிகிரி வரைக்கும் தாங்கும், புளிப்பும் அதை ஒன்றும் செய்யாது. இதிலும் இரண்டு வகை உண்டு. பிளாட்டினம் வைத்துப் பதப்படுத்தியது, பெராக்சைடு வைத்துப் பதப்படுத்தியது. முன்னது விலை அதிகம், வாசனையே இருக்காது. பின்னதில் புதிதாக இருக்கும்போது லேசான புளித்த நெடி வரும். உணவுக்கு என்று எழுதிக் கொடுக்கிற கடையில் பிளாட்டினம் வகையைக் கேட்டு வாங்குங்கள். பளீரென்ற நிறம் சேர்த்த டியூப்பை நான் ஒதுக்கிவிட்டேன். உள்ளே அழுக்கு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க முடியவேண்டும்.

சிலிக்கானுக்கும் குறை உண்டு, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. ரொம்ப மெத்தென்று இருக்கும். சுவர் மெல்லியதாக இருந்தால் பம்ப் உறிஞ்சும் பக்கத்தில் உள்வாங்கிச் சப்பையாகிவிடும். வளைவில் மடிந்து ஓட்டம் நின்றுவிடும். அதனால் உள்விட்டம் 12, வெளிவிட்டம் 20 மில்லிமீட்டர் உள்ளதை எடுத்தேன். சுவர் 4 மில்லிமீட்டர் வந்துவிடுகிறது. 2 மில்லிமீட்டர் சுவர் உள்ளதும் கடையில் இருந்தது, பாதி விலைதான். அண்டாவுக்கும் பம்புக்கும் நடுவில் அதைப் போடாதீர்கள். இன்னொரு குறை, சிலிக்கான் வாசனையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மாம்பழம் ஓடிய டியூப்பில் எவ்வளவு கழுவினாலும் மாம்பழ வாசனை இருக்கும். இஞ்சிச் சாறோ எலுமிச்சையோ போடுவதானால் அதற்குத் தனி டியூப் வைத்துவிடுவது நல்லது.

அடுத்து அளவு. இங்கேதான் கடைக்காரரும் வாங்குகிறவரும் ஆளுக்கொரு பொருளில் பேசிக்கொள்வார்கள். பிளம்பிங் கடையில் அரை இன்ச் என்றால் 15 மில்லிமீட்டர் பைப். அதன் மரை வெளிப்பக்கம் அளந்தால் கிட்டத்தட்ட 21 மில்லிமீட்டர். அரை இன்ச் என்பது பழைய காலத்து இரும்புக் குழாயின் உள்ளளவை வைத்து வந்த பெயர். ஹோஸ் கடையில் அரை இன்ச் என்றால் நிஜமாகவே உள்விட்டம் அரை இன்ச், அதாவது 12.7 மில்லிமீட்டர். ஆகவே "அரை இன்ச் டியூப்புக்கு அரை இன்ச் நிப்பிள்" என்று வாயால் சொல்லி வாங்கவே கூடாது. ஒரு வெர்னியர் காலிபர் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். நிப்பிளில் டியூப் மாட்டுகிற பக்கத்து மேட்டை அளந்தால் டியூப்பின் உள்விட்டத்தைவிட ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் கூடுதலாக இருக்க வேண்டும். 12 மில்லிமீட்டர் சிலிக்கானுக்கு 13, 13.5 உள்ள நிப்பிள் சரியாக உட்காரும். டியூப் நுனியை வெந்நீரில் நனைத்துத் தள்ளினால் ஏறிவிடும். எண்ணெயோ சோப்போ தேவையில்லை.

மரையில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. நம் நாட்டில் பிளம்பிங் சாமான் எல்லாம் பி.எஸ்.பி. மரை. அமெரிக்கக் கணக்கில் வருவது என்.பி.டி. மரை. வெளிநாட்டு பீர் காய்ச்சும் சாமான்களின் நகலாக இணையத்தில் விற்பவற்றில் பல என்.பி.டி. மற்ற அளவுகளில் இரண்டையும் சேர்த்தால் சில சுற்றுகளிலேயே மாட்டிக்கொண்டு நின்றுவிடும், தப்பு தெரிந்துவிடும். அரை இன்ச்சிலும் முக்கால் இன்ச்சிலும் மட்டும் இரண்டுக்கும் இன்ச்சுக்கு 14 மரை. அதனால் பாதி தூரம் நன்றாகவே ஏறும். ஆனால் ஒன்றின் மரைக்கோணம் 55 டிகிரி, மற்றதில் 60. இறுக்கினால் இறுகின மாதிரி இருக்கும், டெஃப்லான் டேப் போட்டால் குளிர்ந்த தண்ணீருக்குக் கசியாமலும் நிற்கும். 85 டிகிரிச் சாறு ஓட ஆரம்பித்ததும் சொட்டும். எனக்கு வந்த ஒரு கப்ளிங் இப்படித்தான் இருந்தது. பொட்டலத்தில் அரை இன்ச் என்று மட்டும் போட்டிருந்தார்கள், எந்த மரை என்று இல்லை. திருப்பி அனுப்பிவிட்டு ஓசூரில் எஸ்.எஸ்., அதாவது எவர்சில்வர் ஃபிட்டிங் விற்கிற கடையில் கையால் மாட்டிப் பார்த்து வாங்கினேன். தொழிற்பேட்டை ஊர் என்பதால் இந்த மாதிரி சாமானுக்கு ஓசூர் போவதே மேல். அங்கே இல்லாதது பெங்களூரில் கிடைக்கும்.

எந்த உலோகம் என்பதில் எனக்குக் கொஞ்சமும் தயக்கம் இல்லை. பித்தளை நிப்பிள் எல்லாக் கடையிலும் தொங்குகிறது, விலையும் கம்மி. ஆனால் ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைக்கக்கூடாது என்று நம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். மாம்பழச் சாற்றுக்கும் அதேதான் கணக்கு. புளிப்பில் செம்பு கரையும். கடைசலுக்கு லேசாக வரவேண்டும் என்று பித்தளையில் காரீயமும் சேர்த்திருப்பார்கள், அதுவும் இறங்கும். செம்பு துளி கலந்தாலே மாம்பழத்தில் இருக்கிற வைட்டமின் சி சீக்கிரம் அழிந்துவிடும். ஜி.ஐ. ஃபிட்டிங்கில் துத்தநாகப் பூச்சு, புளிப்புக்கு அது நிற்கவே நிற்காது. அலுமினிய அண்டாவும் வேண்டாம்.

எஸ்.எஸ்.-இல் 304 என்ற ரகத்தைக் கேட்டு வாங்குங்கள். காந்தம் வைத்துப் பார்த்து ஒட்டவில்லை என்றால் 304 என்று பலர் சொல்வார்கள். அந்தச் சோதனை போதாது. மலிவான 202 ரகமும் காந்தத்தில் ஒட்டாது. நிக்கல் குறைவு என்பதால் அது சீக்கிரம் துரு பிடிக்கும். பழைய எவர்சில்வர் எடுக்கிற வியாபாரிகளிடம் ஒரு சொட்டு மருந்து இருக்கும். ஃபிட்டிங்கின் வெளிப்பக்கத்தில் விட்டால் நிறம் மாறுவதை வைத்து எந்த ரகம் என்று சொல்லிவிடுவார்கள். அந்த இடத்தை அப்புறம் நன்றாகக் கழுவிவிட வேண்டும்.

வால்வைப் பற்றி நிறைய எழுத வேண்டியிருக்கிறது. ஏனென்றால் சாறு கெடுவது பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. கடையில் கிடைப்பது பால் வால்வு (ball valve). அதன் உள்ளே நடுவில் ஓட்டை போட்ட ஒரு உருண்டை. கைப்பிடியைத் திருப்பினால் உருண்டை திரும்பி வழி திறக்கும். பார்க்க எளிமைதான். ஆனால் உருண்டைக்கும் வால்வு உடம்புக்கும் இடையில் ஒரு இடுக்கு இருக்கிறது. பாதி திறந்த நிலையில் சாறு அதற்குள் புகுந்துவிடும். வால்வை மூடினாலும் முழுக்கத் திறந்தாலும் அது வெளியே வராது. வெளியிலிருந்து எத்தனை வாளி தண்ணீர் ஓட்டினாலும் அந்த இடுக்குக்கு ஓட்டம் போகாது. ஒரு வாரம் கழித்து அடுத்த தடவை சாறு காய்ச்சும்போது பழைய சாறு அங்கே புளித்துப்போய் உட்கார்ந்திருக்கும்.

ஒரே துண்டாக வருகிற வால்வைக் கழற்ற முடியாது. இரண்டு துண்டாக வருவதைக் கழற்றலாம் என்றாலும் பட்டறை வேலை. மூன்று துண்டு வால்வு வாங்குங்கள், எஸ்.எஸ்.-இல் அரை இன்ச்சில் தாராளமாகக் கிடைக்கிறது. நான்கு போல்ட்டைத் தளர்த்தி மூன்றை எடுத்துவிட்டால் நடுத்துண்டு அப்படியே பக்கவாட்டில் கதவு மாதிரி திறந்து வரும். அண்டாவில் மாட்டியிருக்கிற பகுதியும் டியூப் பக்கத்துப் பகுதியும் இருந்த இடத்திலேயே இருக்கும், மரையைத் தொட வேண்டியதில்லை. உருண்டையைக் கையால் தள்ளி எடுத்தால் இரண்டு பக்கமும் வெள்ளை டெஃப்லான் வளையங்கள் வரும். முதல் தடவை சாறு ஓட்டிவிட்டு, தண்ணீரில் நன்றாக அலசின பிறகு நான் இதைத் திறந்து பார்த்தேன். உருண்டையின் முதுகுப்பக்கம் மஞ்சளாக ஒரு படலம், விரலால் வழித்தால் கூழாகவே வந்தது. அதில் ஒரு நார் சுருண்டு ஒட்டியிருந்தது. வெளியே வந்துகொண்டிருந்த அலசு தண்ணீரோ கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது. அதற்கப்புறம் திறந்து கழுவ முடியாத எதையும் சாற்று வழியில் வைப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். சி.பி.வி.சி. வெந்நீர்க் குழாயை ஒட்டிவிடலாமே, அது சூடு தாங்குமே என்று ஒரு யோசனை வந்தது. இதே காரணத்துக்காக அதையும் விட்டுவிட்டேன். பசை போட்டு ஒட்டினது ஒட்டினதுதான்.

டியூப்பை அண்டாவிலும் பம்பிலும் மாட்டிக் கழற்றுவதற்கு கேம்லாக் கப்ளிங் போட்டிருக்கிறேன். டேங்கர் லாரிகளின் பின்னால் இரண்டு காது வைத்த கப்ளிங் பார்த்திருப்பீர்கள், அதன் குட்டி வடிவம். காதுகளை மடக்கினால் பிடித்துக்கொள்ளும், விரித்தால் விட்டுவிடும். ஸ்பேனர் தேவையில்லை. இதில் எழுத்து வைத்து வகை பிரித்திருக்கிறார்கள். வால்வு முனையிலும் பம்பின் இரண்டு முனையிலும் மரையோடு சேருகிற ஆண் பகுதி, டியூப்பின் எல்லா முனையிலும் காது வைத்த சி வகை. வெளிமரை உள்ள ஆண் பகுதி எஃப் வகை, உள்மரை உள்ளது ஏ வகை. பம்பின் மூக்கில் வெளிமரை இருந்ததால் அதற்கு ஏ, வால்வில் உள்மரை என்பதால் அதற்கு எஃப். எல்லா டியூப்பிலும் ஒரே சி இருப்பதால் எந்த டியூப்பை எங்கே வேண்டுமானாலும் மாட்டலாம். வாங்கும்போது உள்ளே கறுப்பு ரப்பர் வாஷர் இருக்கும். அதை எடுத்துவிட்டு சிலிக்கான் வாஷர் போடுங்கள். சூட்டில் கறுப்பு ரப்பர் சாற்றுக்கு ஒரு கசப்பைக் கொடுக்கும்.

பால் பண்ணைகளில் போடுகிற டி.சி. கிளாம்ப் இதைவிட மேலானது. மரையே இருக்காது, இரண்டு வழவழப்பான முகத்துக்கு நடுவில் ஒரு வாஷர், வெளியே ஒரு வளையம், அவ்வளவுதான். சுத்தம் என்று பார்த்தால் அதற்கு ஈடே இல்லை. 50 லிட்டர் அண்டாவுக்கு அதன் செலவு எனக்குக் கட்டவில்லை. விற்பனைக்கென்று பெரிதாகச் செய்கிறவர்கள் யோசிக்காமல் டி.சி. போட்டுவிடுங்கள்.

டியூப்பும் நிப்பிளும் சேருமிடத்தில் ஹோஸ் கிளிப் கட்டாயம். குளிர்ந்த தண்ணீருக்கு கிளிப் இல்லாமலே பிடித்துக்கொள்ளும். ஆனால் 85 டிகிரிச் சாறு சர்க்கரையோடு மேலே பட்டால் வெந்நீரைப் போல வழிந்து ஓடாது, தோலோடு ஒட்டிக்கொண்டு வேகவைக்கும். ஒரு டியூப் கழன்றுகொண்டால் பக்கத்தில் நிற்பவர் கதி என்ன என்று நினைத்துப் பாருங்கள். சாதாரண ஸ்க்ரூ கிளிப்பில் பட்டை முழுக்க வெட்டுகள் இருக்கும். இறுக்கும்போது மெத்தென்ற சிலிக்கான் அந்த வெட்டுகளுக்குள் பிதுங்கி அறுந்துவிடும். உள்பக்கம் வழவழப்பான பட்டை உள்ள கிளிப்பாகப் பார்த்து வாங்கினேன். டியூப் லேசாக அழுந்துகிற அளவுக்கு இறுக்கினால் போதும்.

அண்டாவில் வால்வு வைக்க ஓட்டை போடுவது தனிக் கதை. எவர்சில்வர் அண்டாவின் தகடு ஒரு மில்லிமீட்டர் இருந்தால் பெரிசு. ட்ரில்லை வேகமாக ஓட்டினால் தகடு சூடேறி அந்த இடம் மட்டும் இறுகிவிடும், அப்புறம் பிட் ஏறவே ஏறாது. மெதுவான வேகம், நல்ல அழுத்தம், எண்ணெய் சொட்டு. படிப்படியாகப் பெரிதாகிற ஸ்டெப் பிட் இருந்தால் 22 மில்லிமீட்டர் வரை ஒரே பிட்டில் கொண்டுபோகலாம். அதில் அரை இன்ச் மரை நுழையும். இரண்டு பக்கமும் சிலிக்கான் வாஷர் வைத்து நட் போட்டு இறுக்கலாம், வெல்டிங் இல்லாமலே நிற்கும். ஆனால் உள்பக்க நட்டுக்கு அடியில் சாறு தங்கும் என்ற காரணத்தால் நான் ஆர்கான் வெல்டிங்குக்குப் போனேன்.

பட்டறைக்காரர் அனுபவசாலி. "அண்ணா, உள்ளே மேடு பள்ளம் இருக்கக்கூடாது, சாறு தங்கிடும்" என்றேன். "உள்பக்கம் கேஸ் காட்டாம வச்சா கருகிப் பொரி பொரியா வந்துரும் தம்பி. உள்ளயும் கேஸ் விட்டு வைக்கறேன், அப்புறம் பஃபிங் போட்டுக்கலாம்" என்று அவரே சொன்னார். அந்த ஒரு பேச்சிலேயே நம்பிக்கை வந்துவிட்டது. வேலை முடிந்ததும் உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்த்தேன், தையல் எங்கே என்று விரலுக்குத் தெரியவில்லை. ஓட்டையை அடியிலிருந்து இரண்டு விரல் உயரத்தில் வைக்கச் சொன்னேன். அடியில் படிகிற கூழ் லேசாகப் பிடித்துவிடும், அது பாட்டிலுக்குள் வரக்கூடாது.

பம்ப் மேக்னட் டிரைவ் வகை. மோட்டாருக்கும் சாறு ஓடுகிற தலைக்கும் நடுவே அச்சு கிடையாது. மோட்டார் பக்கத்தில் ஒரு காந்தம், தலைக்குள் விசிறியில் ஒரு காந்தம், நடுவில் மூடிய சுவர். அதனால் மோட்டாரின் கிரீஸ் சாற்றில் கலக்க வழியே இல்லை. உள்ளே நார் சிக்கிக்கொண்டால் மோட்டார் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும், சாறு வராது. காந்தப் பிடி விட்டுப்போய் மோட்டார் மட்டும் சுற்றும். தலையின் ஸ்க்ரூக்களைக் கழற்றினால் விசிறியின் நடு ஊசியில் நார் நூல்கண்டு மாதிரி சுற்றியிருக்கும். எடுத்துவிட்டு மாட்டினால் சரியாகிவிடும். பெங்களூராவில் நார் கம்மிதான், இருந்தும் ஒரு மில்லிமீட்டர் சல்லடையில் வடிகட்டாமல் பம்புக்கு விடுவதில்லை. கெட்டியான கூழை இந்தப் பம்ப் தள்ளாது. கூழைக் கலக்குகிற வரைக்கும் கையால் ஊற்றுவதுதான்.

இந்தப் பம்ப் தானாக உறிஞ்சாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அண்டாவைவிடத் தாழ்வாக வைத்து, சாறு தானாகவே வந்து தலையை நிரப்பிய பிறகுதான் ஸ்விட்ச் போட வேண்டும். ஓட்டத்தைக் குறைக்க வெளியேறும் பக்கத்து வால்வைத்தான் மூட வேண்டும். உள்ளே வருகிற பக்கத்தை நெருக்கினால், 90 டிகிரிச் சாறு பம்புக்குள்ளேயே கொதித்துக் குமிழியாகி ஓட்டம் அறுந்துவிடும். அண்டாவிலிருந்து பம்புக்கு வருகிற டியூப்பை முடிந்த அளவு குட்டையாக, மேடு பள்ளம் இல்லாமல் ஒரே சரிவாக விட்டிருக்கிறேன். நடுவில் ஒரு மேடு இருந்தால் காற்று அங்கே தங்கி நிற்கும். அடுப்புத் தீ அண்டா ஓரமாக ஏறி வந்து டியூப்பை நக்காமல் இருக்க ஒரு தகரத் தடுப்பும் வைத்தாயிற்று. 200 டிகிரி தாங்கும் என்பது நேரடி நெருப்புக்குப் பொருந்தாது.

நிரப்பும் முனையில் டியூப்பின் நுனியில் 8 மில்லிமீட்டர் எஸ்.எஸ். குழாய் ஒன்றைச் சின்ன வால்வோடு போட்டிருக்கிறேன். அந்த வால்வும் மூன்று துண்டு வகை. குழாய் பாட்டிலின் அடி வரை போகும். மேலேயிருந்து கொட்டினால் நுரைக்கும், காற்று கலந்து நாளாக ஆகச் சாறு பழுப்பாகும். அடியிலிருந்து நிறைந்து வந்தால் நுரை இல்லை. பாட்டில்களை முன்கூட்டியே வெந்நீரில் சூடாக்கி வைக்கவில்லை என்றால் விரிசல் விட்டுவிடும். மூடியைப் போட்டதும் பாட்டிலைச் சற்று நேரம் படுக்க வைக்கிறோம், அந்தச் சூடு மூடியின் உள்பக்கத்தையும் பார்த்துக்கொள்ளும்.

தண்ணீர் இந்த மாவட்டத்தில் தனிக் கவலை. போர் தண்ணீர் உப்பு. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு கூடுதலாக இருக்கிறது என்பதால்தான் 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறிவாகும். சாற்றில் சேர்க்க ஒகேனக்கல் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோதான் எடுக்கிறோம். கழுவப் போர் தண்ணீர். அதைச் சூடாக்கி ஓட்டினால் வால்வு உருண்டையில் வெள்ளையாக உப்புப் படியும், கைப்பிடி கரகரவென்று திரும்ப ஆரம்பிக்கும்.

வேலை முடிந்ததும் சாறு உலர்வதற்குள் சாதாரணத் தண்ணீரைப் பம்ப் வழியாக ஓட்டிக் கூழை வெளியேற்றிவிடுவோம். அப்புறம் சூடான தண்ணீரில் வாஷிங் சோடா கரைத்து, பம்பிலிருந்து வரும் டியூப்பை அண்டாவுக்குள்ளேயே திருப்பி விட்டுக் கொஞ்ச நேரம் சுற்ற விடுவது. மறுபடி அலசல். உப்புப் படிந்திருந்தால் சிட்ரிக் அமிலக் கரைசல், சாற்றுக்கு வாங்கிய அதே பொடி. கடைசியில் வால்வுகளையும் பம்ப் தலையையும் திறந்து பிரஷ் போட்டு, மூட்டிவிட்டு, மறுபடி பயன்படுத்தும் முன் 85 டிகிரித் தண்ணீர் ஒரு சுற்று. டியூப்பை வளையமாகச் சுருட்டி வைக்காதீர்கள், அடிவளைவில் தண்ணீர் தங்கிப் பாசி மாதிரி வழுவழுப்பு வந்துவிடும். கொட்டகை விட்டத்தில் ஆணி அடித்து இரண்டு முனையும் கீழே பார்க்கிற மாதிரி தொங்கவிட்டிருக்கிறோம்.

ஒரு சீசன் ஓடின பிறகு டியூப்பில் தேய்வது நிப்பிள் மேல் ஏறியிருக்கிற நுனிதான். சூட்டில் விரிந்தே இருந்து, கிளிப் அழுத்தி, அந்தப் பகுதி தன் பிடியை இழந்துவிடும். கிளிப்பைக் கழற்றிப் பார்த்தால் வளையமாகத் தழும்பு தெரியும். அந்த நுனியைக் கத்தியால் நேராக வெட்டி எறிந்துவிட்டு மறுபடி மாட்டினால் புதுசு மாதிரி பிடிக்கும். ஒவ்வொரு முனையிலும் இரண்டு விரற்கடை குறையும். அதனால் டியூப்பை அளந்து வாங்கும்போதே ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சாண் கூடுதலாகச் சேர்த்து வெட்டச் சொல்லுங்கள். கேம்லாக்குக்கான சிலிக்கான் வாஷரையும் அதே கடையில் ஒரு கைப்பிடி வாங்கிவிடுங்கள்.